நோயாளியின் விருப்பப்படி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க மனம் வரவில்லை. நீயாவது நலமாக இரு. சின்னவளுக்கு இருமல் நின்றதா?

உன் அலுவலகக் கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரிகளை நோயாளிக்கு ஏற்றபடி மாற்றிய உன் திட்டத்துக்கு இரண்டு வருடம் நிறைகிறதாம், சிறப்பு மலர் போடுகிறார்களாம். பயன்பெற்ற குடும்பம் என்று நான்கு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறாய். அத்தானுக்குக் கால் எடுத்தபோது போனில், "நல்லாப் பாத்துக்கிட்டாங்கதானேக்கா?" என்று கேட்டாய். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் அங்கே வாயைத் திறந்தாலே எரிந்து விழுவார்கள். இப்போது வாங்கய்யா, உட்காருங்கய்யா என்கிறார்கள். நாற்காலிக்கு மெத்தை போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்ததும் நர்ஸ் ஒரு தாளோடு வந்து நோயாளியிடமே கேட்கிறாள், இன்றே டாக்டரைப் பார்க்க வேண்டுமா, காத்திருக்க முடியுமா என்று. நீ போட்ட கேள்விதான். அவர் சொல்வதே முடிவு, கூட வந்தவர்கள் குறுக்கே பேசக்கூடாது என்று அடியில் அச்சடித்திருக்கிறது.

உன் அத்தானைப் பற்றி உனக்குத் தெரியாதா? முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஓடி வருகிற கடைசி ஆள் ஏறும்வரை வண்டியை எடுக்கமாட்டார், அதற்காக மெமோவும் வாங்கியவர். வலது குதிகாலில் புண், சர்க்கரையால் வலியும் தெரியவில்லை. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். "எனக்கொண்ணும் அவசரமில்லம்மா, முதல்ல அவங்களப் பாருங்க" என்றார். நர்ஸ் சிரித்த முகமாக 'காத்திருக்க முடியும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். மூன்று வாரம் தள்ளித் தேதி கிடைத்தது. காத்திருந்தால் கால் போகும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அதைச் சொல்ல உன் தாளில் கட்டம் இல்லை. நானும்தான் சும்மா இருந்தேன். என் தம்பி போட்ட திட்டமாயிற்றே, நாமே குறுக்கே பேசலாமா என்று பெருமையோடு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தப் பாவம் என்னுடையது.

மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்த டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. ஏன் இத்தனை நாள் விட்டீர்கள் என்று சத்தம் போட்டார். பிறகு தாளைப் புரட்டி, நோயாளியின் விருப்பப்படி தள்ளிவைக்கப்பட்டது என்று வாசித்தார். அதோடு கேள்வியை விட்டுவிட்டு, காலை எடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். நான்தானே அப்படிச் சொன்னேன் என்று பழியை இவரும் தலையில் ஏற்றிக்கொண்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும், சரி. வாயில்லாத பிள்ளைக்கு என்ன வழி வைத்திருக்கிறாய்?

கால் எடுத்த நான்காம் நாள் ஒரு பெண் போனை நீட்டி, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டாள். அவள் வேலைக்கு எதுவும் ஆகிவிடக்கூடாது என்று ஐந்தும் போட்டுவிட்டார். அதுவும் உன் மலரில் வந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லி உன் மனதைப் புண்படுத்த மட்டும் எழுதவில்லை. இன்று மதியம் குளிப்பாட்டும்போது பார்த்தேன், மிச்சமிருக்கிற இடது காலிலும் பெருவிரல் கறுத்திருக்கிறது. போன் செய்தால் நீ கூட்டத்தில் இருக்கிறாயாம். நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்ற கூட்டமாம். அதனால் இவரோடு வேலை பார்த்த கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், சாயங்காலம் உன் கைக்கு வந்துவிடும்.

நாளைக் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடத் தொடங்கியதும் கூட்டிப் போகிறேன். இவர் மறுபடி அவசரமில்லை என்பார். நான் கத்துவேன், உன் விதிப்படி என்னை வெளியே உட்கார வைப்பார்கள். நீ வா. அதிகாரியாக வேண்டாம், எல்லோரும் எழுந்து நிற்பார்களே தவிர காலைப் பார்க்கமாட்டார்கள். மைத்துனனாக வந்து, அவர் வாயைத் திறப்பதற்குள் அவசரம் என்று சொல். உன் பேச்சைத்தான் கேட்பார். என் மச்சினன் கொண்டுவந்த திட்டம் என்று இன்னமும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் மேல் அவருக்குக் கொஞ்சமும் கோபமில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. இருந்தாலும் பெற்றவளுக்குப் பிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான், வேறு எப்படி முடிப்பேன்? நீயும் உன் பிள்ளைகளும் கை கால் சுகத்தோடு நூறு வருஷம் நடமாட வேண்டும்.

உன் அக்கா