பன்னிரண்டு அடி வாசல்

ஜூன் 27, 1954, ஞாயிறு

விடிகாலை முதல் சாரல். ஏழே முக்காலுக்குத் தயார். வெள்ளைச் சேலை, வேதாகமம், குடை. தாசையன் வில்வண்டியில் மாட்டைப் பூட்டி, வாசல் கதவைத் திறந்தான். திறந்து என்ன. வெளியே குறுக்கே பக்கத்து வீட்டு வக்கீல் செல்லையனின் கறுப்புக் கார். அவர் வீட்டு நடை நாலடி, கார் நுழையாது. அதனால் என் வாசலில்.

டிரைவரைக் காணோம். தாசையன் சாயாக்கடை வரை ஓடிப் பார்த்தான். முதல் மணி அடித்தது. இரண்டாம் மணி அடித்தது. முழங்கால் இருக்கிற இருப்பில் ஒரு மைல் நடக்க முடியாது. வண்டியில் உட்கார்ந்தபடியே ஒன்பது பத்து வரை.

இன்று திருவிருந்து ஆராதனை. என் கணவர் இறந்த மாதம் தவிர ஒரு திருவிருந்தும் தவறியதில்லை.

டிரைவர் பதினோரு மணிக்கு வந்தான், வெற்றிலை வாயோடு.

"அவசரத்துக்கு விட்டதாக்கும் அம்மச்சி. வக்கீலுக்குக் கூட்டம் உண்டு."

"எனக்கும் கூட்டம் உண்டு" என்றேன்.

"உங்களுக்குக் காரு இல்லேல்லா. பெறவு இம்மாம் பெரிய வாசல் எதுக்கு?"

அவனுக்கான பதிலை இங்கே எழுதுகிறேன். பன்னிரண்டு அடி வாசல். மராமத்து ஓவர்சியராக இருந்த என் கணவர் தன் கையால் அளந்து வைத்தது. உள்ளே ஓடு போட்ட ஷெட். பென்ஷன் ஆனதும் கார் வாங்குவதாக இருந்தார். ஆனியில் பென்ஷன். தையில் போய்விட்டார். ஷெட்டில் வில்வண்டி நிற்கிறது. வாசல் காருக்கு அல்ல. வெளியே போவதற்கு.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீனும். பாதி அப்படியே.

ஜூன் 28, திங்கள்

மழை இல்லை. வக்கீல் வீட்டுக்கு நேரில் போனேன். முன்னறையில் எட்டுப் பேர், ஒரே பீடிப் புகை. என்னைக் கண்டதும் எழுந்தார்கள். அது வரை மரியாதை.

வ. சொன்னார்: "அம்மா, நாடே கொந்தளிச்சுக் கிடக்கு. நெய்யாற்றின்கரையைத் தமிழ்நாட்டோட சேக்கணும்னு நாங்க ஓடுதோம். நீங்க வாசல் காரியம் பேசுதீங்க."

"சேரட்டும். சேர்ந்தால் உங்களைவிட எனக்குச் சந்தோஷம். எல்லை எங்கே என்று சர்க்காரைக் கேட்கிறவருக்கு என் எல்லை எங்கே என்று தெரிய வேண்டாமா?"

மூலையில் ஒருவன், மெதுவாக: "அம்மை மலையாளக் கட்சி ஆயாச்சு போல."

திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டான்.  

ஜூன் 30, புதன்

கன்னியர் மடத்துப் பள்ளியில் மதர் சொல்லித் தந்தது: குறை என்றால் வாயால் அல்ல, எழுத்தால். ஒரே முறை. தெளிவாக. நகல் கையில்.

மனு எழுதினேன். கார் நின்ற நேரங்கள்:
ஞாயிறு, காலை 7.45 - 11.
திங்கள், பகல் முழுதும்.
செவ்வாய், 6 முதல் விளக்கு வைக்கும் வரை. தேங்காய் ஏற்ற வந்த வண்டி திரும்பிப் போனது.

வேறொன்றும் எழுதவில்லை. யார் வந்தார், யார் போனார், எனக்கு வேண்டாத சேதி.

தாசையன் பகுதிக் கச்சேரியில், கிராம அதிகாரியிடம், கொடுக்கப் போய் மனுவோடேயே திரும்பி வந்தான். தமிழில் இருந்தால் வாங்கமாட்டார்களாம். "மலையாளத்தில எழுதிக் கொண்டுவரணுமாம் அம்மா. அந்தக் கிளார்க்கு நம்ம குன்னத்துகால்காரன்தான். வீட்டில தமிழ்தான் பேசுவான்."

மலையாளம் எனக்கு நன்றாக எழுத வரும். இங்கிலீஷ் அதைவிட நன்றாக. எழுத மாட்டேன். வ. மேல் உள்ள புகார் வேறு, என் மொழி வேறு. மனுவை வேதாகமத்துக்குள் வைத்தேன்.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். ஊறுகாய்ப் பரணியைத் துடைக்க வேண்டும்.

ஜூலை 2, வெள்ளி

காலை பத்து மணி. இன்ஸ்பெக்டர், கூட ஒரு போலீஸ்காரர். மனு திரும்பிய கதை எப்படியோ காதுக்கு எட்டியிருக்கிறது. மிகப் பணிவு. செருப்பை வெளியே விட்டு வந்தார்.

"அம்மச்சிக்கு மலையாளம் அறியில்லல்லோ. ஞான் எழுதிக் கொண்டுவந்நிட்டுண்டு. ஒரு ஒப்பு இட்டால் மதி." ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம், காரை இன்றைக்கே எடுத்துவிடுவாராம்.

தமிழில் மனு எழுதியவளுக்கு மலையாளம் தெரியாது என்று எண்ணிவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். முதல் நாலு வரி என் புகார். அடுத்த பத்து வரி என் புகாரே அல்ல. காரில் கலகத்துக்கு நோட்டீஸ் வருகிறதாம். வ. ஆட்களைத் தூண்டிவிடுவதை நான் காதால் கேட்டேனாம். மூலையில் இருந்தவன் பெயர் உட்பட எட்டுப் பெயர்கள்.

அவருக்கு முன்னாலேயே உரக்க வாசித்தேன், நிறுத்தி நிறுத்தி, நல்ல மலையாளத்தில். போலீஸ்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வரியையும் மைக்கோலால் அடித்து, அடியில் தமிழில் எழுதினேன்: 'இது நான் சொன்னதல்ல.' ஒப்புப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

"அப்போள் வாசல்?" என்றார்.

"அது எனக்கும் வக்கீலுக்கும்."

செருப்பை மாட்டக்கூட நிற்கவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனார்.

கார் இன்றும் அங்கேயே.

ஜூலை 3, சனி

வ.வைப் பிடித்துவிட்டார்கள். வெள்ளறடைப் பக்கம் பேசப் போன இடத்தில், டிரைவரோடு சேர்த்து. போலீசுக்குத் தெரிந்த கார் என்று இதை இங்கே விட்டு, வாடகைக் காரில் போயிருக்கிறார். சாவி டிரைவர் சட்டைப்பையில்.

வ. மனைவி ரோசம்மாள் நாலு மணிக்கு வந்தாள். முகம் வீங்கி இருந்தது.

"மாமி, நாளைக்கு வந்து காரைக் கொண்டு போவாங்களாம். உள்ளே நோட்டீசும் மைக்கும் உண்டு. அதைக் காட்டித்தான் கேசு போடப் போறாங்க. வருஷக் கணக்கில உள்ளே வச்சிருவாங்க."

நாளை ஞாயிறு. எட்டு மணிக்கு என் வண்டி போக வேண்டும்.

கார்க் கதவு பூட்டவில்லை. என் கணவர் வாங்கி வைத்திருந்த கார்ப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன், படங்களோடு. எந்தக் கம்பியை இழுத்தால் பிரேக் விடும் என்று வாசித்துச் சொன்னேன். தாசையன் இழுத்தான். மரச்சீனி விளையில் வேலை முடிந்து திரும்பிய நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். காருக்கு முன்னால் கயிறு கட்டி மாடு.

"எலே, வலத்தோட்டுத் திருப்பு. அம்மையோட தூணு போயிராம."

"தூணு போனா நான் போனேன் மக்கா."

தூண் போகவில்லை. திருப்பத்தில் தூணுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம். அவர் அளவு தப்பாது. வில்வண்டியை வெளியே எடுத்து, காரை ஷெட்டுக்குள் தள்ளி, கதவைச் சாத்தினோம். ஐந்தரை மணி. தெருவே பார்த்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஷெட்டுக்குள் ஒரு கார். கொஞ்ச நேரம் கதவருகில் நின்றேன்.

ஜூலை 4, ஞாயிறு

நல்ல வெயில். ஏழரைக்கு இன்ஸ்பெக்டர்.

"கார் எவிடே?"

"என் வாசலில் கார் இல்லை. எனக்கு இனிப் புகாரும் இல்லை." தமிழில்தான் சொன்னேன். இன்று அவருக்குத் தமிழ் புரிந்தது.

ஷெட்டைப் பார்த்தார். "அது எந்தா?"

"என் கணவர் கார் நிறுத்தக் கட்டியது."

"காருண்டோ?"

"வாங்கும் முன்னே இறந்துவிட்டார்."

தொப்பியைக் கழற்றினார். அவர் குனிந்த தலையைப் பார்த்தபோது கொஞ்சம் வெட்கம். சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. மதர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். இருக்கட்டும்.

முதல் மணிக்கு முன்பே சபையில். போதகரிடம் போன வாரம் வராத காரணத்தைச் சொன்னேன். இந்த வாரக் காரியத்தைச் சொல்லவில்லை.

ஜூலை 6, செவ்வாய்

வ. ஜாமீனில் வந்தார். தாடி. நேரே என் வீட்டுக்கு. கை கூப்பினார்.

"அம்மா, எப்பிடி நன்றி சொல்லுதது..."

"எழுதித் தாருங்கள்" என்றேன். "இனி என் வாசலில் கார் நிற்காது என்று. தமிழில்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. உட்கார்ந்து எழுதி ஒப்புப் போட்டார். நல்ல கையெழுத்து.

பிறகு இழுத்தார்: "காரு ஒரு மாசம் ஷெட்டுலயே நிக்கட்டுமா? வெளிய எடுத்தா பிடிச்சிருவாங்க."

"நிற்கட்டும். அப்படியானால் என் வில்வண்டிக்கு இடம் வேண்டுமே."

"எங்கயாவது போட்டுக்கிடுங்க அம்மா. நமக்குள்ள என்ன."

ஜூலை 7, புதன்

தூறல். காலை ஆறு மணிக்கு வேலிக்கு அப்பாலிருந்து ரோசம்மாள்.

"மாமி, உங்க வண்டி எங்க நடையை மறிச்சுக் கிடக்கு. இவங்க கோர்ட்டுக்குப் போணும்."

தாசையன் வந்ததும் எடுப்பான் என்றேன். தாசையன் பாலராமபுரம் போயிருக்கிறான். பதினோரு மணிக்கு வருவான்.