இரண்டாவது கையெழுத்து

கிசம்பா, கிழக்கு ஆப்பிரிக்கா
10.2.2025

அன்புள்ள ரிஃபானாவுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலம்தானே? என் ஸ்ரீரங்கத்து வீட்டை எட்டிப் பார்த்தாயா? தண்ணீர் மோட்டார் என்ன பாடு படுத்துகிறதோ தெரியவில்லை.

ரிட்டயரான பிறகு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இங்கே மேயரே எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார். நம் ஊரில் எந்தச் சேர்மன் போட்டான்?

விஷயத்துக்கு வருகிறேன். ஏரிக்கரை மீன் சந்தையை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றலாமா என்று நகர சபை ஆலோசனை கேட்டது. மாற்றலாம் என்று எழுதியிருக்கிறேன். நான் வேலங்குறிச்சியில் நகராட்சி கமிஷனராக இருந்தபோது காய்கறிச் சந்தையை மாற்றியதை முன்மாதிரியாகக் காட்டியிருக்கிறேன். வெளிநாட்டு ஊர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆள் அனுப்பும் நம் ஆலோசகர் குழுவின் வழக்கம் உனக்குத் தெரியும். அரசாங்கத்தில் இருந்தவர் எழுதினால், தொழில் நடத்தியவர் ஒருவர் கூடவே கையெழுத்துப் போட வேண்டும். நீ வேலங்குறிச்சியில் அந்தச் சந்தை ரூட்டிலேயே டவுன் பஸ் ஓட்டிய முதலாளி. உன்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? அறிக்கையை இணைத்திருக்கிறேன். படிக்கக்கூட வேண்டாம், போட்டு அனுப்பு.

அன்புடன்,
வேணி

*

உறையூர், திருச்சி
14.2.2025

அன்புள்ள வேணிக்கு,

படிக்கக்கூட வேண்டாம் என்று எழுதினாய் பார், அதனால்தான் உட்கார்ந்து படித்தேன்.

"வியாபாரிகள் மனமுவந்து இடம் மாறினார்கள். சில மாதங்களிலேயே வியாபாரம் பெருகியது." அடிப்பாவி, எந்த ஊரில்? சந்தை வாசலில் போலீஸ் வேனை நிறுத்திவைத்துக்கொண்டு மனமுவந்தா? புதுச் சந்தைக்கு ஆள் வரவில்லை என்றதும் நீதானே எனக்குப் போன் போட்டாய்? "ஒரே ஒரு ட்ரிப் விடு ரிஃபானா, ஜனம் தானா வரும்" என்றாய். விட்டேன். டிரைவரும் கண்டக்டரும் கீரைக்காரி சந்திரம்மாளும் போனார்கள், அதே மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

அந்தச் சந்திரம்மாள் ஒருநாள் கூடையோடு என் ஆபீசுக்கே வந்துவிட்டாள். "அந்த கமிஷனரம்மா உங்க சிநேகிதிதானேங்க? அங்க காக்காகூட வரலைங்க. வாடுன கீரைய யாருகிட்ட விக்கட்டும்? அவங்க வீட்டு வாசல்ல கொட்டட்டுமா?" என்று கேட்டாள். உனக்குச் சொன்னேன். "கொஞ்ச நாள்ல பழகிடும்" என்றாய். பழகுவதற்குள் உனக்குப் புரமோஷன் வந்து சென்னைக்குப் போய்விட்டாய். அவள் மணப்பாறையில் முறுக்குக் கம்பெனிக்கு மாவு பிசையப் போய்விட்டாள். நீ சொல்லும் பெருகிய வியாபாரம் இதுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஏரிக்கரையில் மீன் விற்கும் பெண்கள் உனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? கையெழுத்துப் போட மாட்டேன். அந்தப் பத்தியை எடுத்துவிட்டு நடந்ததை எழுது. இரண்டு கையாலும் போடுகிறேன்.

மோட்டார் எரிந்துவிட்டது. காயில் கட்டக் கொடுத்திருக்கிறேன்.

ரிஃபானா

*

கிசம்பா
19.2.2025

ரிஃபானாவுக்கு,

ரொம்ப நன்றாக இருக்கிறது உன் நியாயம். சந்தை போனதும் அந்த ரோடு அகலமானது. உன் பஸ்கள் மாட்டிக்கொள்ளாமல் பறந்தன. அப்போது எனக்கு வீட்டுக்குப் பிரியாணி அனுப்பினாயே, மறந்துவிட்டதா? லாபம் பார்த்தபோது இனித்தது, கையெழுத்து கேட்டதும் கசக்கிறதா?

அந்தப் பழைய சந்தையின் சாக்கடை நாற்றம் உனக்குத் தெரியாதா? கழிப்பறை உண்டா, குடிக்கத் தண்ணீர் உண்டா? நல்லது செய்யத்தான் மாற்றினேன். ஒன்றிரண்டு பேருக்கு ஒத்துவரவில்லை என்பதற்காகத் திட்டமே தோற்றது என்று எழுத வேண்டுமா? எழுதினால் என்னை அடுத்த முறை எந்த நாடு கூப்பிடும்?

உனக்குப் புரியாது. உனக்கு இன்னும் கம்பெனி இருக்கிறது, முதலாளியம்மா என்று கூப்பிட ஆள் இருக்கிறது. நான் ஸ்ரீரங்கத்தில் சிலிண்டர்காரனுக்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். இங்கே நான் பேசினால் பேனாவை எடுக்கிறார்கள். அதை என்னிடமிருந்து பிடுங்காதே.

உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறேன்.

வேணி

*

உறையூர்
22.2.2025

வேணி,

லாபம் வந்தது நிஜம். பிரியாணியும் நிஜம். அதையும் சேர்த்து எழுது, "சந்தை போனதில் பஸ் முதலாளிக்குத்தான் லாபம்" என்று. அதன் கீழே முதல் கையெழுத்தே என்னுடையது.

ஒன்றிரண்டு பேரா? புதுச் சந்தையில் இப்போது நகராட்சி குப்பை வண்டிகளை நிறுத்துகிறது. வந்து பார்.

உன்னை நாலு பேர் கூப்பிட வேண்டும் என்பதற்காக ஓர் ஊர்ப் பெண்களின் பிழைப்பில் மண்ணைப் போடுவாயா? ஆலோசனை சொல்கிறவளுக்கு ஊர் திரும்ப டிக்கெட் இருக்கிறது. கேட்கிறவர்கள் அங்கேயேதான் கிடக்க வேண்டும். உனக்கு நாற்காலி வேண்டுமென்றால் என் ஆபீசில் வந்து உட்கார், நானே இழுத்துப் போடுகிறேன். இந்தப் பொய்க்கு மட்டும் என்னைக் கேட்காதே.

ரிஃபானா

*

கிசம்பா
27.2.2025

திருமதி ரிஃபானா அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்து இனித் தேவையில்லை. நம் குழுவிலுள்ள சுரேஷ்குமார் சார் அறிக்கை கிடைத்த அன்று மாலையே போட்டு அனுப்பிவிட்டார். ஒரு பேங்க்கையே நடத்தியவர் அவர், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஏப்ரல் ஒன்பதாம் தேதி பொது விசாரணை முடிந்ததும் சந்தை மாறும்.

வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

வேணி

*

உறையூர்
3.4.2025

வேணி,

"அவர்களுக்கு" என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? கல்லூரி ஹாஸ்டலில் என் தட்டில் சாப்பிட்டவள் நீ. நோன்பு மாதம் முழுக்க அந்த ஒரு வார்த்தையை நினைத்து எரிந்துகொண்டிருந்தேன்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். மோட்டார் ஓடுகிறது.

குழுவிலிருந்து விலகிவிட்டேன். வேலங்குறிச்சியில் நடந்ததை என் பெயர் போட்டு உங்கள் நகர சபைக்கு எழுதினேன். கோபத்தில்தான் எழுதினேன், ஆனால் ஒரு சொல்கூட மிகையில்லை. செயலாளர் அதை மீன்காரப் பெண்களின் சங்கத்துக்குக் காட்டியிருக்கிறார். விசாரணையில் எங்கள் பக்கம் உட்கார்ந்து பேச வருவீர்களா என்று அவர்கள் கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சுரேஷ்குமாருக்குக் கேள்வி இல்லாவிட்டால் என்ன, எனக்கு நிறைய இருக்கிறது.

மணப்பாறைக்குப் போய்ச் சந்திரம்மாளிடம் சொன்னேன். மாவுக் கையோடு நின்று கேட்டாள். "நான் கத்துனப்ப யாரும் கேக்கலைங்க. நீங்க போயி இங்கிலீஷ்ல கத்துங்க" என்றாள். கத்தத்தான் வருகிறேன். உன் அறிக்கையை அந்தச் சபையில் வரி வரியாகக் கிழிக்கப் போகிறேன், தெரிந்துகொள். முதுகுக்குப் பின்னால் செய்கிற பழக்கம் எனக்கில்லை என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

எட்டாம் தேதி காலையில் இறங்குகிறேன். நீ ஏர்போர்ட்டுக்கு வராதே. வந்தால் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிடுவேன். மறுநாள் என்னால் பேச முடியாமல் போய்விடும்.

ரிஃபானா