வயிற்றில் நீந்தும் எழுத்துகள்

செப்டம்பர் 4, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கடலும் வானமும் ஒரே சாம்பல் துணி. வகுப்பில் பாதிப் பிள்ளைகள்தான். லைஷா வந்திருந்தாள். எட்டு வயது, இன்னும் எங்கள் மொழியான திவெஹி வாசிக்க வரவில்லை. இந்தத் தீவுப் பள்ளியில் படிப்பு ஏறாத பிள்ளைகளெல்லாம் என் பொறுப்பு.

"எழுத்தைப் பார்த்தா என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"எழுத்துக்கு மேலயும் கீழயும் இருக்கிற குட்டிக் கோடெல்லாம் ஓடிடுது மிஸ். இரை மீன் மாதிரி." பிறகு என் காதோடு, "மத்த எழுத்து வயித்துல இருக்கு. நீந்திட்டே இருக்கு. கண்ணுக்கு ஏறி வரமாட்டேங்குது."

வயிற்றிலா?

செப்டம்பர் 6

புரிந்துவிட்டது. வெள்ளிதோறும், ஊரில் ஓதிப் பார்க்கும் மூஸாபே வெள்ளைத் தட்டில் குங்குமப்பூ மையால் வசனங்களை ஓதி எழுதித் தருகிறார். அம்மா நஸீமா அதைக் கழுவி, அந்தத் தண்ணீரை லைஷாவுக்குக் குடிக்கக் கொடுக்கிறாள். எத்தனை வெள்ளிகளின் எழுத்து அந்தச் சின்ன வயிற்றில்!

மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். போனதும் வாய் முந்திக்கொண்டது. "தண்ணி குடிச்சா படிப்பு வந்துடுமா?"

நஸீமாவின் முகம் சுருங்கிவிட்டது. "பெத்திருந்தா தெரியும் டீச்சர்" என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் கணவன் ஜாபிர், உயிருள்ள இரை மீனைத் தொட்டியில் கொண்டுபோய்த் தூண்டிலில் சூரை பிடிக்கிறவன், ஊஞ்சல் கட்டிலில் ஆடிக்கொண்டே சொன்னான்: "இதெல்லாம் எதுக்கு? மாலேக்கு அனுப்பிடறேன். அங்க பெரிய பள்ளிக்கூடம். எங்க அக்கா வீட்டுல இருந்துப்பா. இருபத்தொன்பதாம் தேதி வியாழன் படகு."

லைஷா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கேட்டிருப்பாள்.

செப்டம்பர் 7

எதுக்குடி அந்த வாய் உனக்கு?

செப்டம்பர் 13

கனவு. தீவு கட்டவிழ்ந்த படகுபோல நகர்ந்துகொண்டே இருந்தது. நான் கரையில் நின்றேன். அப்படியானால் கரை எது? விழித்தபோது கையில் சோப்பு வாசனை இருப்பதுபோல்...

ஒன்பது வயதில் என்னையும் படிக்கத்தான் தலைநகர் மாலேக்கு அனுப்பினார்கள். மாமா வீட்டில் பள்ளிக்குப் போகுமுன் பாத்திரம், வந்தபின் பாத்திரம். படுக்கையை நனைத்துவிட்டு, யாரும் எழுமுன் துவைத்துப் போடுவேன். நன்றாகப் படித்தவளுக்கே அப்படி. எழுத்தே தெரியாமல், வயிற்றில் மீன்களோடு அங்கே போகிறவளுக்கு? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

செப்டம்பர் 18, ஞாயிறு

சொல்லிவிட்டேன். நஸீமாவிடம் மன்னிப்புக் கேட்கப் போய், எல்லாவற்றையும். பாத்திரம், படுக்கை எல்லாம். ஊஞ்சல் கட்டில் ஆடுவது நின்றுபோனது. நஸீமா எழுந்துபோய்ப் பாலில்லாத தேநீர் கொண்டுவந்தாள். சர்க்கரை அதிகம்.

அப்புறம்தான் கேட்டேன். "வெள்ளிக்கிழமைத் தட்டு அதுபாட்டுக்கு இருக்கட்டும். இன்னொரு வெள்ளைத் தட்டு இருக்கா? மஞ்சளைக் கரைச்சு வைங்க. புத்தகம் வேண்டாம். ஊஞ்சல்ல உட்கார்ந்து விரலால அவளே எழுதட்டும். ஒரு நாளைக்கு ஒரே எழுத்து, பத்து நிமிஷம். தப்பா வந்தா துடைச்சுக்கலாம்."

"அவ்வளவுதானா?" என்றான் ஜாபிர், நம்பாமல்.

"நீங்க சத்தம் போடாம இருக்கணும். அதுதான் கஷ்டம்."

நஸீமா முதல்முறையாகச் சிரித்தாள். படகைப் பற்றி யாரும் பேசவில்லை. நீலப் பை ஒன்று மூலையில் பாதி நிரம்பி இருந்தது.

செப்டம்பர் 22

தெருவிலேயே கேட்டது ஜாபிரின் குரல். "இப்பத்தானே சொன்னேன்! கோடு கீழ!" உள்ளே போனால், லைஷாவின் கை தட்டின்மேல் மரத்துப்போய் நிற்கிறது.

"படகுல இரை மீன்கிட்ட இப்படிக் கத்துவாரான்னு கேளுங்க டீச்சர்" என்றாள் நஸீமா.

"கத்தினா? தொட்டியைத் தட்டினாலே மிரண்டு செத்துப்போகும். அன்னைக்குப் பொழப்பே..." பாதியில் நிறுத்திவிட்டான். மகளைப் பார்த்தான். பிறகு காலால் ஊஞ்சலை மெல்ல ஆட்டத் தொடங்கினான். நான் வெளியே வரும்வரை ஆட்டிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 26

பை இன்னும் அங்கேயேதான். கேட்கத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 29, வியாழன்

படகுத்துறைக்குப் போனேன். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். ஜாபிர் வந்தான், தோளில் அந்த நீலப் பை. பையைப் படகில் வைத்துவிட்டுத் திரும்பினான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"அக்காவுக்கு மாசிக்கருவாடு" என்றான், நான் கேட்காமலே. "ஆளை எதிர்பார்த்திருப்பா. திட்டுவா. திட்டட்டும்."

படகு கண்ணுக்கு மறையும்வரை நின்றேன். மழை விட்டிருந்தது. தண்ணீர் அடிவரைக்கும் தெரிந்தது.

மாலையில் நஸீமா என் வாசலில்.

"கடையில வெள்ளைத் தட்டு வந்திருக்கா டீச்சர்?"

"ஏன், உடைஞ்சிடுச்சா?"

"இல்ல. நேத்து அவ பேரை அவளே எழுதிட்டா. கீழ இருக்க வேண்டிய ஒரு கோடு மேல ஏறிடுச்சு. திருத்தலாம்னு போனேன், அவங்க அப்பா என் கையைப் பிடிச்சுட்டாரு." தலைத்துணியின் நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "இப்ப அந்தத் தட்டைக் கழுவ மனசு வரல. அவ எழுத வேற தட்டு வேணுமே."