பெரஹராவில் பிடித்த இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகம். கண்டி மழையும் சுகம்.

நேற்றுப் பகல் பெரஹரா ஊர்வலம். இங்கே யானைகளுக்கு முன்னரே சனம் வந்துவிடும். காலையிலேயே நடைபாதையில் பாய் விரித்து இடம் பிடிப்பார்கள். நானும் பிடித்தேன். ஆனால் என்னுடையது இரண்டு பேர் இருக்கும் பாய்.

"பக்கத்துல யாரும் வர்றாங்களா?" என்று அடுத்த பாயில் இருந்த, பன்வில ஊரிலிருந்து வந்த பாலம்மா அக்கா கேட்டார்.

"ஓம், அம்மா வாறா" என்று வாய் பொய் சொல்லிவிட்டது.

அதன்பிறகு இடம் கேட்டு வந்தவர்களையெல்லாம் அவரே விரட்டினார். "அந்தப் புள்ளையோட அம்மா வர்றாங்க, தள்ளிப் போங்க!" கடைசி யானையும் போனது. உங்கள் இடம் காலியாகவே இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அக்கா எழும்பும்போது ஒரு கடலைச் சுருளை என் கையில் வைத்து, "அம்மா வந்தா குடுங்க" என்றார்.

நெல்லியடியில் இருந்து யாராவது வந்தால் வீட்டுக் கறித்தூள் கொடுத்துவிடுங்கள். இங்கத்தைய தூளில் குழம்பு சிவக்கிறதே தவிர உறைப்பதில்லை.

கந்தோர் வேலைக்கு நேரமாகிவிட்டது. கடலைச் சுருள் மேசையில் இருக்கிறது. நான் பிரிக்கவில்லை, அது உங்களுடையது.

மகள்,
கிருஷாந்தி