பாம்பு பிடிக்கத் தெரியாத அப்பா

ஜூன், செவ்வாய் இரவு.

எனக்கு இருளர் சாதிச் சான்றிதழ் தரலாமா என்று விசாரிக்க, இன்று ஓர் அதிகாரி முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அது இருந்தால்தான் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைக்கும். சிமென்ட் வீட்டையும் வாசலில் நின்ற அப்பாவின் ஆட்டோவையும் பார்த்தார்.

"பார்த்தா இருளர் மாதிரியே தெரியலையே. பாம்பு பிடிப்பீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

பாம்பைக் கண்டால் எங்களுக்கு முன்னால் ஓடுகிறவர் அப்பா. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு, "ஒரு நாள் டைம் குடுங்க சார், புடிச்சிக் காட்றேன்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. "சார், உங்க சாதிய நிரூபிக்க நீங்க என்ன புடிச்சிக் காட்டினீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் கையெழுத்துப் போடாமலே கிளம்பிவிட்டார்.

அம்மாவுக்கு என் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அப்பா திட்டவில்லை. சாப்பிடும்போது, "நீ கேட்டது கரெக்ட்டும்மா. ஆனா சீட்டு வேணும்ல? காலைல ஆபீசாண்ட போய் மன்னிப்பு கேட்டுக்கினு வந்துர்றேன்" என்றார்.

கேட்ட வாய் என்னுடையது. குனியப்போகும் தலை அவருடையது. நானும் வருகிறேன் என்றேன்.

"நீ வாணாம்மா. மறுபடியும் கேட்டுருவே" என்று சிரித்தார்.

கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையை இப்போது தேய்த்துக்கொண்டிருக்கிறார்.