யாரும் விசாரிக்காத சாவு

புதுப் புத்தகத்தின் பசை வாசனை இன்னும் என் விரலில் இருக்கிறது. இன்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கினேன். கொலைக்கதை வரிசை ஒன்றைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். இது முதல் புத்தகம். பாதி படிப்பதற்குள் கோபம் தலைக்கேறிவிட்டது. மூடி வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

கதையில் ஒரு பெண் கிணற்றில் செத்துக் கிடக்கிறாள். கால் வழுக்கி விழுந்தாள் என்று ஊரே சொல்லிவிடுகிறது. மாற்றலாகி வந்த பெண் இன்ஸ்பெக்டர் மட்டும் வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள். கடைசியாக அவளைப் பார்த்தது யார்? அவள் என்ன சொன்னாள்? அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

உன் வீட்டுக்கு அப்படி யார் வந்தார்கள்?

நீ சேவுகம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டுக்கு வந்து எனக்காகக் காத்திருப்பாய். அங்கிருந்து திண்டுக்கல் தையல் கம்பெனிக்கு ஒரே பஸ், ஒரே சீட்டு, இருவருக்கும் நடுவில் ஒரே புத்தகம். நீ வேகமாகப் படிப்பாய். பக்கத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டு, நான் முடிக்கும் வரை சன்னலைப் பார்ப்பாய். கொலைகாரனை நீ பாதிக் கதையிலேயே கண்டுபிடித்துவிடுவாய். ஆனால் என்னிடம் சொல்ல மாட்டாய். இந்தக் கதைகளில் உனக்கு என்னதான் பிடிக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

“செத்தவளுக்காக ஒரு ஆளாச்சும் மெனக்கெட்டுக் கேக்குதுல்ல, அதான்டி” என்றாய்.

உன் நாத்தனார் மகளின் சடங்கன்று காலையிலேயே உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. வீடு நிறைய விருந்தாளிகள். கேஸ் என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் குடித்துவிட்டுப் பந்திக்குச் சோறு வடித்திருக்கிறாய். சாயங்காலம் நீ அடுப்படியில் விழுந்த பிறகுதான் கார் வந்தது. செம்பட்டி தாண்டும்போது உயிர் இல்லை.

பதினாறாம் நாள் வந்திருந்தேன். எல்லோரும் விதி என்றார்கள், நல்ல சாவு என்றார்கள், சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தாள் என்றார்கள். வடை சுடும் வாசனை வந்துகொண்டிருந்தது. உன் வீட்டுக்காரரிடம் நேராகப் போய், காலையில் வலித்ததற்குச் சாயங்காலம் வரை ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன்.

“அவ வலின்னு சொல்லவே இல்லக்கா. சொல்லியிருந்தா விட்ருவமா?” என்றார்.

கல்லூரியில் படிக்கும் உன் மகள் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

“சொன்னாங்கப்பா. என் முன்னாலதான் சொன்னாங்க. ‘ஆளுக வந்துருக்கையில படுத்துக்கிட்டு மானத்த வாங்காத’ன்னீங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உன் மாமியார் என் கையைப் பிடித்து, இனிக் கேட்டு என்ன ஆகப்போகிறது, சாப்பிட்டுவிட்டுப் போ தாயி என்றார். நான் கையை உதறிவிட்டு வந்தேன். உன் மகள் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். இப்போது அவள் விடுதியில் இருக்கிறாள். லீவுக்கு என் வீட்டுக்குத்தான் வருகிறாள்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். கதையில் வரும் முன்பின் தெரியாத பெண்களுக்காக அவ்வளவு பதறுவாயே, அன்றைக்கு அந்தக் கரண்டியைப் போட்டுவிட்டு நீயே ஒரு பஸ் ஏறியிருக்கக் கூடாதா? இதைக் கேட்பது நியாயமில்லை என்று தெரிகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

போன மாதம் கம்பெனியில் இஸ்திரி போடும் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். லோடு ஏறியதும் அனுப்பலாம் என்றார் சூப்பர்வைசர். நான் போட்ட சத்தத்தில் தையல் மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. யாரிடமும் அனுமதி கேட்காமல் அக்காவைத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றினேன். மறுநாளே என்னைப் பட்டன் கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். வாயாடி என்று பெயரும் வைத்தாயிற்று. இருக்கட்டும்.

அன்று ஆஸ்பத்திரியில், நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், பிழைத்துக்கொண்டார் என்றார் டாக்டர். அக்காவின் வீட்டு ஆட்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றேன். ஒரு ஆட்டோ. உனக்குத் தேவைப்பட்டதும் இவ்வளவுதானே.