உன் இரண்டாவது ஆல்பம் ஓடிய தெரு

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். உன் குரல் வந்தது. "தாய்மார்களே, சகோதரிகளே, ஆடித் தள்ளுபடி" என்று ஒரு ஆட்டோ ஸ்பீக்கரிலிருந்து நீ புடவை விற்றுக்கொண்டு போனாய். கடைக்காரர்கள் பழைய பதிவையே இந்த வருஷமும் ஓட்டுகிறார்கள். டீ மாஸ்டர் பாலை ஆற்றிக்கொண்டே, "இந்தப் பொண்ணு கொரல்ல இன்னாவோ கீதுப்பா. கேட்டாலே கடைக்குப் போலாம்னு தோணுது" என்றார். நீ செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். போன் அடித்தது.

நம் காலனி சேகர் அண்ணனின் தம்பி பேசினான். ஊர்த் தெருவில், பெரிய வீட்டு செப்டிக் டேங்கில் இறங்கிய சேகர் அண்ணன் உயிரோடு மேலே வரவில்லை.

"நாளைக்குக் காலையில எடுக்குறோம். சாவு சொல்லணும், வண்டிய எடுத்துக்கினு வாண்ணே. ஆனா காலனிக்குள்ள மட்டும் சொல்லு. மாரடைப்புன்னு சொல்லிடு."

"யாரு மாரடைப்புன்னு சொன்னது?"

"தெரியாத மாரி கேக்காத."

டீ ஆறிவிட்டது. உன் குரல் ஓடிய அந்த ஆட்டோ செஞ்சி ரோட்டுப் பக்கம் திரும்பும்வரை கேட்டுக்கொண்டே நின்றேன்.

விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் இருந்த உன் அறை ஞாபகம் வந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தியிருப்பாய். காலையில் கடைகளுக்கு விளம்பரம் பேசுவாய், மத்தியானம் லேப்டாப்பில் உன் இசை. நீ பேசியதை ஊர் ஊராகக் கொண்டுபோய் ஓட்டுவது என் ஆட்டோவின் வேலை. மல்லாட்டைக் கடலை உடைக்கிற மெஷின், கரும்பு ஆலைச் சங்கு, ரயில்வே கேட் மணி, இவற்றை வெட்டி ஒட்டி நீ செய்த முதல் ஆல்பத்துக்குப் பாண்டிச்சேரி பீச்சில் ஆடினார்கள். மண்ணின் ஓசை என்று யாரோ எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பு.

"மண்ணு எங்கடா சத்தம் போடுது? மெஷினு போடுது. அதுல கைய வுட்டவன் போடுறான்."

பெரிய வீட்டுப் பையன்கூட 'நம்ம ஊரு பொண்ணு' என்று உன் படத்தை ஸ்டேட்டஸ் வைத்தான். அந்தத் தெருவில் நீ ஒரு நாளும் செருப்புப் போட்டு நடந்ததில்லை. உன் குரல் மட்டும் எல்லா வாசலிலும் போய் நின்று புடவை விற்றது.

உன் அப்பா சாவு சொல்லப் போகிறவர். ஊர்த் தெருவில் யார் செத்தாலும் காணை, வளவனூர், கண்டமங்கலம் என்று சொந்தக்காரர்கள் இருக்கிற இடமெல்லாம் சைக்கிள் மிதித்துப் போய், வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வருவார். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகும் அவரை அனுப்பினார்கள். வழக்கமாம். அவர் செத்த அன்று நீயே பேசிப் பதிவு செய்தாய், நாம் இருவரும் ஊர்த் தெருவுக்குப் போனோம். முனையிலேயே வண்டியை மறித்தார்கள். "இங்க எதுக்கும்மா? உங்க ஆளுங்களுக்குச் சொல்லு, போ."

நீ அழவில்லை. திரும்பி வரும்போது, "இவங்க சாவ ஊரு ஊரா போய்ச் சொன்னாரு. அவரு சாவ இந்த ஒரு தெருவுல சொல்ல முடியல பாத்தியா" என்றாய். இரண்டாவது ஆல்பம் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

'சாவு சொல்லி' என்று அதற்குப் பெயர் வைத்தாய். ஒவ்வொரு பாட்டும் ஒரு சாவுச் செய்தி. காலனியில் செத்தவர்கள், ஊர்த் தெருவில் ஒருபோதும் சொல்லப்படாதவர்கள். புடவை விற்கிற அதே இனிமையான குரலில் பெயர், வயது, யார் பிள்ளை, எதனால் செத்தார் என்று சொல்லிக்கொண்டே போவாய். அடியில் என் ஆட்டோ ஹாரனை இழுத்து இழுத்து ஒரு முனகலாக ஓட விட்டிருந்தாய். முதல் தடவை கேட்டு முடித்ததும், காரணத்தை மட்டும் விட்டுவிடேன் என்றேன்.

"பேரும் நேரமும் சொன்னா அது விளம்பரம்டா. எதனாலன்னு சொன்னாதான் சாவு சொல்றது."

முதல் ஆல்பத்தை வெளியிட்ட பாண்டிச்சேரிக்காரர் போனில், "இதுக்கு எப்படிம்மா ஆடுறது?" என்று கேட்டார். "சாவுக்கு ஆடுறது எங்க வழக்கங்க. உங்களுக்குதான் கத்துக்க லேட்டாவுது" என்று வைத்துவிட்டாய்.

இணையத்தில் போடுவதற்கு முன்னால் ஊர்த் தெருவில் ஓட வேண்டும் என்றாய். நல்ல வெயில் நேரத்தில் போனோம். முதலில் புடவை விளம்பரம் போட்டோம். பெண்கள் வாசலுக்கு வந்தார்கள், ஒரு அம்மா கையிலிருந்த முறத்தோடு வந்து நின்றார். அப்புறம் அதே குரல் சாவு சொல்லத் தொடங்கியது. "யாரு செத்துப் பூட்டாங்க?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டார்கள். கிணற்றில் கிடந்த நம் காலனிப் பெண்ணின் பெயர் வந்தது. தவறி விழுந்தாள் என்று ஊரே சொன்னதை, நீ 'கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்டார்' என்று சொல்லியிருந்தாய். முறத்தோடு நின்ற அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு வரிசையாகக் கதவுகள் சாத்தும் சத்தம். நீ போனை நீட்டி அதையும் பதிவு செய்துகொண்டிருந்தாய்.

மறுநாள் பெரிய வீட்டுக்காரர் மாடி ஏறி உன் அறைக்கு வந்தார். சத்தமே போடவில்லை. "நல்லா பேசுற பொண்ணு. அந்தக் கெணத்துப் பாட்ட எடுத்துடு. ரோடு மோசமா கீது, வண்டில போய் வர்றவ, பாத்துக்க" என்றார். சுவரில் இருந்த மெத்தையைத் தட்டிப் பார்த்து, இதெல்லாம் எதுக்கு என்று கேட்டார்.

"வெளிய கேக்காம இருக்கங்க."

"அப்ப உள்ளயே வச்சிக்க" என்று இறங்கிப் போனார்.

நீ எடுக்கவில்லை. அந்த வாரமே ஒரு நாள், பொழுது சாயும் நேரத்தில் காணை ரோட்டில் உன் ஸ்கூட்டியை ஏதோ ஒன்று அடித்தது. அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதிக்கொண்டார்கள். உன் சாவைச் சொல்ல நான் வண்டியைக் கிளப்பியபோது, பதற்றம் வேண்டாம் என்று போலீஸ்காரர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார், உன்னைப் புதைத்த பிறகுதான் கொடுத்தார். ஊர் ஊராகச் சாவு சொன்னவரின் மகளே, உன் சாவை இதுவரை யாரும் சொல்லவில்லை. புடவைக் கடைக்காரருக்குக்கூட நீ இன்னும் உயிரோடுதான் இருக்கிறாய்.

திண்டிவனத்திலிருந்து நேராகச் சேகர் அண்ணன் வீட்டுக்குத்தான் வந்தேன். தம்பி என்னைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி வெளியே வந்தார்.

"காலனிக்குள்ள மட்டும் போதுமாண்ணி?"

"நாளானிக்கு அதே தெருவுலதான் நான் பாத்திரம் தேய்க்கணும்" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "தேய்ச்சது போதும். அந்த வூட்டு வாசல்ல நின்னு சொல்லு. எதனாலன்னும் சொல்லு" என்றார்.

இதை என் வண்டியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலனி முனையில் நம்பர் இல்லாத டிராக்டர் ஒன்று வந்து நிற்கிறது. கரும்பும் இல்லை, ஆளும் இறங்கவில்லை. இஞ்சினை மட்டும் அணைக்காமல் வைத்திருக்கிறார்கள். நீ இருந்தால் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்திருப்பாய். எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இத்தனை வருஷம் நான் பட்டனை அமுக்கியதோடு சரி, மைக்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை. உன் மைக் இப்போது என் மடியில் இருக்கிறது. காலையில் ஊர்த் தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் உன் ஆடித் தள்ளுபடியைத்தான் போடுவேன். கதவெல்லாம் திறக்கும். அப்புறம் சேகர் அண்ணன் சாவைச் சொல்வேன், எதனால் என்றும் சொல்வேன். சொல்லி முடித்துவிட்டு, இவ்வளவு நேரம் புடவை விற்றவள் யார் என்று சொல்வேன்.